வால்

பூனை மீசை வளைந்துகொடுத்தது. பன்றிமயிர் தடிப்பு.
கடைசியில் தன் இடக்கண் இமையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி
பல்குத்தும் குச்சியின் முனையில் ஒட்டிக்கொண்டாள் பெய்யுன்.
அதில்தான் எழுந்து வருகிறது எங்கள் படிகம்:
எள்ளை நூறாய் உடைத்தால் அதில் ஒரு துண்டு,
அடுப்புக்கரியின் கறுப்பு,
தும்மினால் போயிற்று.
பேச வேண்டியதை
வலப்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டோம்.

குவாங்சோவில் மூன்று நாளாய்ப் புயல்மழை.
முத்தாறு படித்துறையின் மேற்படிவரை ஏறிவிட்டது.
ஆய்வகத்து ஏசி சொட்டுகிறது,
கீழே ஒரு நூடுல்ஸ் கிண்ணம்,
நிறைந்ததும் யார் கொட்டுவது என்று ஒரு முறைப்பட்டியல்.

லாந்தனம் மூன்று, நிக்கல் இரண்டு, ஆக்சிஜன் ஏழு.
ஏழு என்பது எங்கள் ஆசை.
உலைவிளக்குகள் ஒரே புள்ளியில் கண்ணைக் குவித்து
தண்டை உருக்கி உறையவைக்கும்போது
எங்கோ ஓர் அணு வராமல் போய்விடுகிறது,
பந்தியில் விரித்தும் யாரும் உட்காராத இலைபோல.
எந்த இலை என்று படிகம் சொல்லாது.
ஒரே தண்டில் வெட்டிய ஒன்பது துண்டுகளில்
எத்தனை பொய் என்று
அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

நிக்கல் என்பதே ஒரு வசவு.
செம்பென்று நம்பித் தோண்டி, செம்பில்லாமல் ஏமாந்த
பழைய ஜெர்மன் சுரங்கத்தார்
குட்டிச்சாத்தான் பெயரை அதன்மேல் எறிந்துவிட்டுப் போனார்கள்.
தனிம அட்டவணையில் செம்புக்கு அடுத்த வீடு.
செம்புக்கு எப்போதோ மாலை விழுந்தாயிற்று.
அவள் செய்ததை நீயும் செய் என்று
நாங்களும் அதையேதான் கேட்கிறோம்,
இரண்டு வைரங்களின் கூர்முனைக்கு நடுவே வைத்து,
திருகாணியைக் கால் சுற்று,
பிறகு அரைக்கால்.

பக்கத்தில் ஒரு மாணிக்கத் துகள் காவலிருக்கிறது.
லேசர் பட்டால் சிவப்பாய்ப் பதில் சொல்லும்.
அந்தச் சிவப்பு எவ்வளவு நகர்ந்ததோ
அவ்வளவு அழுத்தம் என்று எழுதிக்கொள்வோம்.
பத்து கிகாபாஸ்கல். ஒன்றுமில்லை.
பன்னிரண்டு.
பதினான்கைத் தாண்டும்போது
உள்ளே சாய்ந்திருந்த பிணைப்புகள் நிமிர்கின்றன.
நசுக்கினால் நிமிரும் ஒன்றை
இதற்குமுன் நான் பார்த்ததில்லை.

குளிரவைத்தோம்.
எழுபத்தெட்டு கெல்வினில் கோடு தலைகுப்புற விழுந்தது.
ருய்செங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்,
யாரையோ கூப்பிடக் கைபேசியைத் துழாவினான்.
பெய்யுன் திரையின் அடி ஓரத்தில் விரல் வைத்தாள்:
விழுந்த கோடு தரையைத் தொடவில்லை.
மெல்லியதாய் ஒரு மிச்சம்
கடைசிவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.
"வால் இருக்கிறது," என்றாள்.
"பூஜ்யம் என்றால் பூஜ்யம்."

இன்னும் அரைக்கால் சுற்று.
டிக்.
நகம் ஒடிவதுபோல் அவ்வளவுதான் ஓசை.
வைரம், என் மூன்று மாதச் சம்பளம்,
வெள்ளையாய்க் கலங்கிப்போயிற்று.
அழுத்தம் போனதும்
படிகம் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை.
பழையபடி கரி.
பழையபடி தடை.

அடுத்து ஆறு துண்டுகள். ஆறு வால்கள்.
எட்டாவது துண்டு, அவர்கள் சொன்ன கதை வேறு;
நான் அன்று கிண்ணம் கொட்டப் போயிருந்தேன்.
திரும்பி வந்தபோது இருவரும் பேசாமலிருந்தார்கள்.
கோடு தரையில் படுத்திருந்தது.
மின்னோட்டத்தைத் திருப்பி விட்டுப் பார்த்தோம். படுத்திருந்தது.
கம்பிகளை மாற்றினோம், காந்தப்புலம் கொடுத்ததும்
கொஞ்சம் கொஞ்சமாய் எழுந்தது,
எழ வேண்டிய விதத்தில்.
அப்போதுதான் பெய்யுன் தண்ணீர் குடித்தாள்.

விடிகாலையில் அரிசிச் சுருள் விற்கும் கூ
ஆவிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார்:
"அதை வைத்து என்ன செய்யலாம்?"
"இப்போதைக்கு, கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கலாம்."
அவர் சிரிக்கவில்லை. சோயாச் சாறு கொஞ்சம் கூட ஊற்றினார்.

ஒன்பதாவது துண்டு பெட்டியில் இருக்கிறது.
குச்சிமுனை மயிர் நேற்று உதிர்ந்துவிட்டது.
இடக்கண் இமையில் ஏற்கெனவே நாலைந்து இடம் காலி;
பெய்யுன் கண்ணாடியில் பார்த்து
வலக்கண்ணில் தேடிக்கொண்டிருக்கிறாள்.